நன்றிப் பட்டியலில் ஒரு பெயர்

ஹூஸ்டன்
3 பிப்ரவரி 2025

திருமதி ராஜலக்ஷ்மி சுந்தரராமன் அவர்களுக்கு,

'ராஜி அக்கா' என்று எழுதத்தான் கை போனது. அடித்துவிட்டு இப்படி எழுதுகிறேன். ஒன்பது வருஷப் பழக்கம், கை மறக்க மாட்டேன் என்கிறது.

உங்கள் எண்ணை பிளாக் செய்துவிட்டேன். ஈமெயில் பார்ப்பதில்லை, என் பாஸ்வேர்ட் எல்லாம் வீட்டுக்காரர் மாரிசாமிக்குத் தெரியும். எதையும் போனில் பேசாதே, எழுதுவதென்றால் பேப்பரில் எழுது என்று இங்கே வக்கீலம்மா சொல்லியிருக்கிறார். பதில் எழுதினால் கவரின் மேல் இருக்கும் துணிக்கடை முகவரிக்கு எழுதுங்கள். இங்கே ஹில்கிராஃப்ட் தெருவில் என் பெரியம்மா மகள் சாரதா வைத்திருக்கும் கடை. எந்த வீட்டில் தங்கியிருக்கிறேன் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதையும் டிவியில் போட்டுவிடுவீர்கள்.

டிசம்பர் மாதம் அந்தச் சேனலின் சின்ன ஸ்டூடியோவில் என்னை உட்கார வைத்து என்ன சொன்னீர்கள்? "முகம் தெரியாதும்மா, நிழல் மட்டும்தான். குரலையும் மாத்திடுவோம். உன்னைப் பெத்தவளுக்கே தெரியாது. உன்ன மாதிரி பத்து பொண்ணுங்க பாப்பாங்க, அவங்களுக்காகப் பேசு." கெஞ்சினீர்கள். நானும் நம்பிப் பேசினேன். அவர் அடிப்பதைச் சொன்னேன். ஜூன் மாதம் ஸ்கூல் முடிந்ததும் என் பெண் அதிதியைக் கூட்டிக்கொண்டு கிளம்பப் போவதையும் சொன்னேன். அதுவரை ஒரு ஜீவனிடமும் சொல்லாதது அது.

ஜனவரி பதினெட்டாம் தேதி, சேனலில் உங்கள் பொங்கல் நாள் ஓடியபோது, எங்கள் வீட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் ஸ்டூடியோவில் பட்டுப்புடவையில் நின்றுகொண்டிருந்தீர்கள். நான் சொல்கிறேன், கேளுங்கள்.

ஒரு மணிக்குப் பட்டிமன்றம். 'அமெரிக்காவில் குடும்பத்தைத் தாங்குவது கணவனா, மனைவியா?' மனைவியே என்று பேசியவர் யார்? என் வீட்டுக்காரர். அதைப் பார்க்க நான்கு குடும்பங்களைச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். "எங்க வான்மதி இல்லன்னா நான் ஒரு சாக்ஸைக்கூட கண்டுபிடிக்க மாட்டேன்" என்று அவர் டிவியில் சொல்ல, ஹாலில் அத்தனை பேரும் கை தட்டினார்கள். நான் அடுப்படியில் போண்டா போட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றரைக்கு உங்கள் 'முகம் காட்டாமல்' நிகழ்ச்சி. சொன்னபடி நிழல்தான் தெரிந்தது. எனக்கே என் குரல் தெரியவில்லை. ஹாலில் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். "யாரு பெத்த புள்ளையோ, பாவம். இவன மாதிரி ஆளையெல்லாம் செருப்பாலயே அடிக்கணும்" என்று சொன்னது மாரிசாமி. நான் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

அடுத்துப் பிள்ளைகள் நாடகம். அது சீக்கிரம் முடிந்துவிட்டது. மிச்ச நேரத்தை நிரப்ப உங்கள் நன்றிப் பட்டியலை ஓட்டினீர்கள். பின்னால் நாதஸ்வரம் வேறு. வாழைமரம் கொடுத்தவர், கார் பார்க்கிங் பார்த்தவர், யோகா, கோலம், சமையல். அப்புறம் நல்ல பெரிய எழுத்தில், 'முகம் காட்டாமல், பங்கேற்றவர்: வான்மதி மாரிசாமி.'

நான் எட்டிப் பார்த்தபோது எல்லோரும் தட்டைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு குடும்பமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியது. ஒருத்தராவது என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்டார்களா? இல்லை. மாரிசாமி வாசலில் நின்று சிரித்துப் பேசி அத்தனை பேரையும் வழியனுப்பினார். கதவைச் சாத்திவிட்டு வந்து, "ஜூன் மாசமா? சரி" என்றார். பிறகு அதிதியின் பாஸ்போர்ட்டையும் என் கார் சாவியையும் எடுத்துக்கொண்டார்.

மற்றதை எழுதப் போவதில்லை. செவ்வாய்க்கிழமை அவர் ஆபீஸ் போனதும் பதினோரு வயசுப் பெண்ணை ஸ்கூலிலிருந்து பாதியில் கூப்பிட்டு, ஊபர் பிடித்து ஏர்போர்ட் போனேன். இப்போது நான் குழந்தையைக் கடத்திவிட்டேன் என்று அங்கே கோர்ட்டில் மனு போட்டிருக்கிறார். அதிதி தன்னிடம்தான் இருக்க வேண்டுமாம். ஜூனில் வக்கீல் வைத்து முறைப்படி வர வேண்டியவள், உங்களால் ஜனவரியில் திருடி மாதிரி ஓடி வந்தேன்.

அன்றைக்கு மொத்தம் மூன்று தடவை அந்தப் பட்டியலை ஓட்டினீர்களாமே. ஏன் என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன்.

வான்மதி


லிவர்மோர்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள வான்மதிக்கு, ஆசீர்வாதம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அரை நாள் ஒரு வேலையும் ஓடவில்லை. ஆனால் நீ எழுதியிருக்கும் தோரணை எனக்குப் பிடிக்கவில்லை. நான் ஏதோ திட்டம் போட்டு உன்னை மாட்டிவிட்டது போல எழுதியிருக்கிறாய்.

அந்த ஒரு நாளுக்காக நான் பதினோரு மாதம் நாயாக அலைந்திருக்கிறேன். இந்தச் சேனல் இதுவரை ஒரு முழு நாளை ஒரு பாஷைக்குக் கொடுத்ததே கிடையாது. காலை ஆறிலிருந்து இரவு ஒன்பது வரை பதினைந்து மணி நேரம். நீ ஒரு மணிக்கு அப்புறம்தான் பார்த்திருப்பாய். ஆறு மணிக்கு நாதஸ்வரம். ஆறரைக்கு யோகா, பத்து நிமிஷம் சத்தமே வரவில்லை, அந்த அம்மாள் வாயை வாயை அசைத்தாள். ஏழரைக்குக் கோலம். எட்டு மணிக்கு மன்றத்துப் பையன் கவின் செய்தி வாசித்தான், மூச்சே விடாமல் ஆறு நிமிஷத்தில் முடித்துவிட்டான். ஒன்பதுக்கு இன்ஸ்டன்ட் பாட் குக்கரில் சர்க்கரைப் பொங்கல் செய்து காட்டினோம், அது முடிந்ததும் டாக்டர் வந்து சர்க்கரை வியாதி பற்றிப் பேசினார். யார் அப்படி வரிசை போட்டது என்று ஊரே போன் பண்ணிச் சிரித்தது. பதினொன்றுக்கு கிரீன் கார்டு லாயர், முப்பத்தேழு பேர் கேள்வி கேட்டார்கள். ஒரு நிகழ்ச்சி முன்னே முடிகிறது, ஒன்று பின்னே முடிகிறது. ஓட்டை விழுந்த இடத்திலெல்லாம் எதையாவது போட்டு அடைக்க வேண்டும். கையில் இருந்தது நன்றிப் பட்டியல், அதை ஓட்டினோம்.

உன் பெயர் எப்படி அதில் வந்தது என்று எனக்கும் புரியவில்லை. எடிட்டிங் முழுக்க அந்தச் சின்னப் பெண் ஸ்ம்ருதி. ஸ்டூடியோவில் நாலு பேர் கை வைக்கிற இடம். யாரோ கவனக்குறைவாகச் சேர்த்திருக்கிறார்கள். நம் தமிழ் மன்றத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று. நீ கோபித்துக்கொண்டாலும் சொல்லத்தான் வேண்டும். மாரிசாமி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். சோபாவில் உட்கார்ந்து குழந்தை போல அழுதார். "ஆன்ட்டி, என் பொண்ணைப் பாக்காம தூக்கம் வரல" என்றார். என் வீட்டுக்காரர் சுந்தரராமனுக்கே கண் கலங்கிவிட்டது. நீ பட்டதையெல்லாம் நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் தகப்பனிடம் சொல்லாமல் பெண்ணைக் கூட்டிப் போனது சரியா? ஒரு தடவை உட்கார்ந்து பேசினால் ஆறிப்போகாதா? யோசித்துப் பார்.

அதிதியை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
ராஜி


ஹூஸ்டன்
16 பிப்ரவரி 2025

ராஜலக்ஷ்மி அவர்களுக்கு,

நல்லா இருக்கே உங்க நியாயம்! என் வாழ்க்கையைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டு, யோகா அம்மாளுக்குச் சத்தம் வராத கதை சொல்கிறீர்கள். நான் என்ன, உங்கள் பொங்கல் தினத்துக்கு மார்க் போடவா கடிதம் எழுதினேன்?

மாரிசாமி அழுதாராம். அழுவார். பட்டிமன்றத்தில் சிரிக்க வைக்கத் தெரிந்தவருக்கு உங்கள் சோபாவில் அழத் தெரியாதா? பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை தடவை என் காலைப் பிடித்து அழுதிருக்கிறார் என்று எனக்குத்தான் தெரியும். ஒவ்வொரு அழுகைக்கும் முந்தின நாள் ஒன்று உண்டு. அந்த முந்தின நாளைப் பற்றி உங்கள் வீட்டுக்காரர் கேட்டாரா?

ஸ்ம்ருதியின் மேல் பழியைப் போடும்போது உங்களுக்குக் கை கூசவில்லையா? போன வியாழக்கிழமை சாரதா கடை போனில் அவளைக் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் அந்தப் பெண் அழுதுவிட்டாள். "ஆன்ட்டி, நான் 'பங்கேற்ற சகோதரி'ன்னுதான் போட்டிருந்தேன். ராஜி ஆன்ட்டிதான் வெள்ளிக்கிழமை லிஸ்ட்டைப் பார்த்துட்டு, 'பேர் இல்லாம என்ன நன்றி? யாராவது கோவிச்சுப்பாங்க'ன்னு சொல்லி அவங்களே டைப் பண்ணாங்க" என்றாள். அந்தப் பெண் உங்களைக் காட்டிக்கொடுக்கக்கூட விரும்பவில்லை. நான் விடாமல் கேட்டேன்.

ஆக, நீங்கள். உங்கள் விரலால். அதுவும் வெறும் வான்மதி என்றுகூட இல்லை, பின்னால் அவர் பெயரையும் சேர்த்து. அந்த ஊரில் வேறு வான்மதி இருந்தால்கூடச் சந்தேகம் வரக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறீர்கள்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லியிருந்தால்கூட வயிறு இவ்வளவு எரிந்திருக்காது. செய்ததையும் செய்துவிட்டு, இருபத்திரண்டு வயசுப் பெண்ணின் தலையில் கட்டினீர்களே, அதுதான் தாங்கவில்லை.

வான்மதி


லிவர்மோர்
24 பிப்ரவரி 2025

வான்மதிக்கு,

சரி. நான்தான். போதுமா?

வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தப் பட்டியலை நான்காவது தடவையாகப் படித்தேன். இருநூற்றுப் பதினாலு பெயர். ஒரு பெயர் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். பார்க்கிங் பார்த்தவரின் மனைவி பெயர் இருக்கிறதா, சாமியானா கொடுத்தவர் இனிஷியல் சரியா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். 'பங்கேற்ற சகோதரி' என்ற வரி வந்தது. யார் இது, பெயரைக் காணோமே என்று தோன்றியது, உடனே அடித்தேன். அந்த நிகழ்ச்சி என்ன, நான் உனக்கு என்ன வாக்குக் கொடுத்தேன் என்பது அந்த நிமிஷம் மண்டையில் ஏறவே இல்லை. மறுநாள் நாடகம் முடிந்து அது திரையில் ஓடியபோதும் நான் பார்க்கவில்லை. ராத்திரி யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

ஆனால் வான்மதி, நீயும் கொஞ்சம் உன்னைக் கேட்டுப் பார். போன வருஷம், 2024 பொங்கல் விழாவில் மேடைக்கு முன்னால் நாலு மணி நேரம் குனிந்து கோலம் போட்டாய். நன்றியுரையில் உன் பெயர் விட்டுப்போயிற்று. அதற்கு நீ போட்ட சண்டை இருக்கிறதே! பார்க்கிங் லாட்டில் எல்லோர் எதிரிலும், "பேரைச் சொல்ல வாய் வலிக்குதாக்கா உங்களுக்கு? நான் ஒரு ஆளாவே தெரியலையா?" என்று கேட்டது யார்? மூன்று மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை நீ. அன்றிலிருந்து எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் முதலில் உன் பெயர் இருக்கிறதா என்றுதான் என் கண் போகிறது. அந்தப் பயத்தில்தான் கை தானாக அடித்தது. என்னைப் பயமுறுத்தி வைத்தவள் நீதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது ஒரு வழி இருக்கிறது. சுந்தரராமன் சொன்ன யோசனை. சேனலில் ஒரு திருத்தம் போடலாம். 'பட்டியலில் தவறு நேர்ந்துவிட்டது, வான்மதி மாரிசாமி கோலப் போட்டியில்தான் பங்கேற்றார், முகம் காட்டாமல் நிகழ்ச்சியில் பேசியவர் அவர் அல்ல' என்று. ஒரு வாரம் தினமும் ஓட்டலாம். சேனலில் பேசிவிட்டேன், சரி என்கிறார்கள். ஊர் வாய் அடங்கும். உனக்கும் திரும்பி வர முகம் இருக்கும். நீ ஒரு வரி எழுதினால் போதும்.

ராஜி


ஹூஸ்டன்
3 மார்ச் 2025

ராஜி அக்காவுக்கு,

அக்கா என்று எழுதியிருப்பது மரியாதைக்கு இல்லை. உரிமையோடு திட்ட வேண்டும், அதற்காக.

அந்தத் திருத்தத்தை மட்டும் போட்டுப் பாருங்கள், அப்புறம் தெரியும்! பேசியவள் நான் இல்லை என்று சேனலே சொன்னால், அதைத் தூக்கிக்கொண்டு அவர் நேராகக் கோர்ட்டுக்குப் போவார். 'பாருங்கள், என் மனைவி எந்தப் புகாரும் சொன்னதே இல்லை, சும்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள்' என்பார். அதிதி போய்விடுவாள். ஊர் வாயை அடக்க என் பெண்ணைக் கொடுக்கச் சொல்கிறீர்களா? உங்கள் வீட்டுக்காரர் மூளையை வேலை பார்க்கும் லேபிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

சண்டை போட்டேன் என்றீர்கள். போட்டேன். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கோலத்துக்காகவா போட்டேன்?

2023 தீபாவளிக்கு அடுத்த வாரம். குத்துவிளக்கைத் திருப்பித் தர எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். கார் நிறுத்தும் கராஜ் கதவு திறந்திருந்தது. அவர் என்னை ஃப்ரீசர் மேல் தள்ளியதை உங்கள் ரெண்டு கண்ணாலும் பார்த்தீர்கள். உங்களைப் பார்த்ததும் அவர், "வாங்க ஆன்ட்டி" என்று சிரித்துக்கொண்டே விளக்கை வாங்கினார். நீங்கள்தான் என்னை டிரைவ் பண்ணி அர்ஜென்ட் கேர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனீர்கள். கை எப்படி உடைந்தது என்று நர்ஸ் என்னைத்தான் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டு, "படியில விழுந்துட்டா" என்றீர்கள். எங்கள் வீட்டில் படியே கிடையாது.

நான் சொல்லத்தான் நினைத்திருந்தேன் அக்கா. அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொல்லிவிடுவோம் என்று காரில் வழி முழுக்க மனசைத் தயார் பண்ணிக்கொண்டு வந்தேன். அதை ஒரே வார்த்தையில் மூடினீர்கள். ரெண்டே மாதத்தில் மேடையில் என் பெயரையும் விட்டீர்கள். அந்தப் பார்க்கிங் லாட்டில் நான் எதற்குக் கத்தினேன் என்று உங்களுக்கு நிஜமாகவே புரியவில்லையா?

மார்ச் இருபத்தேழாம் தேதி விசாரணை. நர்ஸ் எழுதிய குறிப்பில் 'படியில் விழுந்தார்' என்றுதான் இருக்கிறது. மாரிசாமியின் வக்கீல் அதை வாங்கிவிட்டார். நான் எதைச் சொன்னாலும் அந்தக் காகிதம் எதிரில் நிற்கும். பார்த்தவர் ஒருத்தர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் மட்டும்தான் கதை மாறும் என்கிறார் வக்கீலம்மா. பார்த்தவர் நீங்கள் ஒருத்தர்தான்.

என்னைக் கேட்காமல் என் பெயரைப் போட்டீர்கள். இப்போது கேட்டே கேட்கிறேன், உங்கள் பெயரைப் போடுங்கள்.

வான்மதி


லிவர்மோர்
15 மார்ச் 2025

வான்மதி,

உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆயிற்று. பதில் எழுதாததற்குக் காரணம் சொல்கிறேன். பயம். வேறொன்றும் இல்லை.

சுந்தரராமனிடம் காட்டினேன். "உனக்கெதுக்குடீ ஊர் வம்பு? நர்ஸ்கிட்ட பொய் சொன்னேன்னு கோர்ட்ல நீயே போய் எழுதிக் குடுப்பியா? நாளைக்கு என் லேப்ல கூப்பிட்டுக் கேட்டா நான் என்ன சொல்றது?" என்று குதித்தார். மன்றத்திலும் ஜாடையாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மாரிசாமி வருஷா வருஷம் பட்டிமன்றத்துக்குக் கூட்டம் சேர்க்கிறவராம், அவரைப் பகைத்துக்கொண்டால் நிகழ்ச்சி என்ன ஆவதாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர்கள் மேல் வந்ததா என்று யோசித்தால், இல்லை. ஒரு மாதம் முன்னால் நானும் இதையேதான் உனக்கு எழுதினேன், வேறு வார்த்தையில்.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டால் அதுவும் பொய்யாகிவிடும்.

போன புதன்கிழமை சேனலுக்குப் போய் உன் நிகழ்ச்சியின் வெட்டாத பதிவைப் போட்டுப் பார்த்தேன். பதினெட்டாவது நிமிஷத்தில் நீ சொல்கிறாய்: "ஒரு அக்கா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நல்லவங்கதான். ஆனா நான் சொல்றதுக்குள்ள அவங்களே படியில விழுந்துட்டான்னு சொல்லிட்டாங்க." சொல்லிவிட்டு என்னைப் பார்க்கிறாய். நான் பேப்பரைப் புரட்டிக்கொண்டே "அப்புறம்?" என்கிறேன். அந்த நாற்பது வினாடியை வெட்டு என்று ஸ்ம்ருதியிடம் சொன்னவள் நான். நிகழ்ச்சி நீளமாக இருக்கிறது என்று காரணம் சொன்னேன். நீளமெல்லாம் இல்லை. அரை மணி நேரத்தில் நாலு நிமிஷம் மிச்சம் இருந்தது, அதில் மளிகைக்கடை விளம்பரம் ஓட்டினோம்.

பார்த்தாயா? நீ மறைக்கச் சொன்ன பெயரை மூன்று தடவை ஓட்டினேன். என் கதையை மட்டும் அவ்வளவு கவனமாக வெட்டி எடுத்தேன். அதில் எனக்குத் தூக்கக் கலக்கம் இல்லை, மறதி இல்லை, ஒன்றும் இல்லை. கை தானாக அடித்தது என்று உனக்கு எழுதினேனே, அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. உன் மேல் பழி போட்டதற்கு என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

இதோடு என் வாக்குமூலம் இருக்கிறது. கராஜில் பார்த்தது, நர்ஸிடம் நான் சொன்ன பொய், வெட்டச் சொன்ன நாற்பது வினாடி, எல்லாம் எழுதியிருக்கிறேன். பொய்யாக இருந்தால் தண்டனை உண்டு என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். முழுப் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர். வெட்டாத பதிவையும் ஸ்ம்ருதி உன் வக்கீலுக்கு அனுப்புகிறாள். விசாரணை அன்று நேரிலும் வருகிறேன்.

சுந்தரராமன் நாலு நாளாகத் தானே காபி போட்டுக்கொள்கிறார். போட்டுக்கொள்ளட்டும்.

ராஜலக்ஷ்மி சுந்தரராமன்


ஹூஸ்டன்
2 ஏப்ரல் 2025

ராஜி அக்காவுக்கு,

வக்கீலம்மா சொல்லியிருப்பார். ஆகஸ்ட் வரை அதிதி என்னோடுதான். மாரிசாமி வாரம் ரெண்டு தடவை வீடியோவில் பேசலாம், அதுவும் இன்னொருவர் கூட இருக்கும்போது. ஆகஸ்டில் மறுபடி விசாரணை. முழுசாக முடியவில்லை, ஆனாலும் பிள்ளை பக்கத்தில் தூங்குகிறாள். பாஸ்போர்ட்டைத் திருப்பித் தரச் சொல்லியிருக்கிறார்கள். தீர்ப்பைச் சொன்னதும் அதிதி, "சோ, வி ஆர் ஸ்டேயிங்?" என்று மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் ஆமாம் என்றேன்.

நான் சாரதா கடையின் பின்னறையில் லேப்டாப் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோர்ட்டிலிருந்து வீடியோ வந்தது. நீங்கள் பேச எழுந்தபோது திரை முழுக்க உங்கள் முகம்தான். பவுடர்கூடப் போடவில்லை நீங்கள். அவருடைய வக்கீல் உங்களை என்ன கேட்டார் என்று மறக்கவே மாட்டேன். அன்றைக்குப் பொய் சொன்னவர் இன்றைக்கு உண்மை சொல்கிறார் என்று எப்படி நம்புவது என்றார். நீங்கள் இங்கிலீஷில் சொன்னதை எனக்குள் தமிழில் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். "அன்னைக்குப் பொய் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகல. உண்மையைச் சொல்லப் பதினாறு மாசம் ஆயிருக்கு. எது கஷ்டம்னு நீங்களே பாருங்க." ஓரத்துச் சின்னக் கட்டத்தில் மாரிசாமி அப்போது தலையைக் கவிழ்த்துக்கொண்டார். என் பக்கத்தில் சாரதா விசும்பினாள். நான் அழவில்லை. எனக்குக் கோபமாக இருந்தது.

இப்போதும் கோபம்தான். அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். அந்தப் பதினாறு மாதத்தில் நான் எத்தனை அடி வாங்கினேன் என்று ஒரு கணக்கு எனக்குள் ஓடுகிறது, நிறுத்த முடியவில்லை. நாற்பது வினாடியை வெட்டினேன் என்று படித்தபோது உங்கள் கடிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டேன். அப்புறம் குப்பைக்கூடையிலிருந்து எடுத்து நீவி, வாக்குமூலத்தை வக்கீலம்மாவிடம் கொடுத்தேன். காகிதம் கசங்கியிருக்கிறதே என்று கேட்டார். தபாலில் அப்படித்தான் வந்தது என்று பொய் சொன்னேன்.

நன்றி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை அக்கா. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். உங்கள் நம்பர் பிளாக்கிலேயே இருக்கட்டும். பேப்பரில் எழுதுங்கள், படிக்கிறேன்.

அடுத்த பொங்கலுக்கும் சேனலில் ஒரு நாள் வாங்குவீர்கள். சர்க்கரைப் பொங்கலுக்கு அடுத்து மறுபடி சர்க்கரை டாக்டரைத்தான் போடுவீர்கள். எங்கே ஓட்டை விழுந்தாலும் நன்றிப் பட்டியலைப் போட்டு அடைப்பீர்கள். அப்போது 'முகம் காட்டாமல்' நிகழ்ச்சியை மறுபடி ஒளிபரப்புங்கள், அந்த நாற்பது வினாடியோடு. பட்டியலில் என் பெயரையும் போடுங்கள். இந்த முறை நானே சொல்கிறேன். கோலத்துக்கு நேராக வேண்டாம், அந்த நிகழ்ச்சிக்கு நேராகவே போடுங்கள்.

வான்மதி என்று மட்டும். பின்னால் வேறு எந்தப் பெயரும் வேண்டாம்.

வான்மதி